பேசியபடி

காலை ஒன்பதேகால் ஆனதும் பேச்சி போனை எடுப்பாள். வல்லம் வடகாலில் அவள் கம்பெனியின் முதல் மாடியில், ஜன்னலோர மேசை அவளுடையது. எதிர்முனையில் சென்னை வங்கியின் டாலர் மேசையில் நரசிம்மன். ஒரு வருஷத்துக்கு மேல் பேசுகிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அந்தக் குரலை வைத்து ஐம்பது வயது, சர்க்கரை வியாதி, மூக்கு நுனியில் கண்ணாடி என்று அவளாகவே ஓர் ஆளைச் செய்து வைத்திருந்தாள்.

"சார், இன்னைக்கு எவ்வளவு?"

"அதேதாம்மா."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவர் ஒரு கேள்வி கேட்பார், பதில் சொல்லப்படும், போனை வைத்துவிடுவார்கள். பேச்சி எழுந்து போய் டீ குடிப்பாள்.

கம்பெனியில் காருக்கு ஒயர் கட்டுகிறார்கள். ஸ்டியரிங்கிலிருந்து பின்விளக்கு வரைக்கும் ஓடுகிற ஒயரெல்லாம் இங்கே கட்டாகி ஒரகடத்துக் கார் ஆலைகளுக்குப் போகும். ஒயர் இந்த ஊர்ச் சரக்கு. அதன் முனையில் மாட்டுகிற பின்னும் பிளாஸ்டிக் மூடியும் கொரியாவிலிருந்து கப்பலில் வரவேண்டும். சரக்கு வந்து மூன்று மாதம் கழித்துப் பணம் கட்ட வேண்டும், அதுவும் டாலரில். மூன்று மாதத்தில் டாலர் எங்கே போய் நிற்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அதற்குத்தான் கவர் என்று ஒன்று இருக்கிறது. மூன்று மாதம் கழித்து வேண்டிய டாலருக்கு இன்றைக்கே வங்கியோடு ஒரு விலை பேசி முடித்துவிடுவது. பிறகு டாலர் ஏறினாலும் நமக்குக் கவலையில்லை. சும்மா கிடைக்காது, அதற்கு ஒரு செலவு உண்டு.

கம்பெனியில் இதற்கு ஒரு கொள்கை இருந்தது. முதலாளிமார் கூடி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, நீல அட்டையில் பைண்டு செய்து வைத்த கொள்கை. பத்து டாலர் கட்ட வேண்டுமென்றால் ஏழு டாலருக்குக் கட்டாயம் கவர் எடு. சந்தேகமில்லாத, சுத்தமான வாக்கியம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து எம்.காம். முடித்துவிட்டு வந்த பேச்சி, சேர்ந்த முதல் மாதம் அதை அப்படியே செய்தாள். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வியாதி சீக்கிரம் போகாது.

மாதம் முடிந்ததும் ஃபைனான்ஸ் தலைவர் சிவசங்கர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கத்துகிற மனிதரில்லை. எப்போதும் சட்டையில் இஸ்திரி கலையாது, குரலும் அப்படித்தான்.

"கவருக்கு மட்டும் இந்த மாசம் எவ்ளோ போயிருக்கு, பாத்தியா பேச்சி?"

"பாத்தேன் சார்."

அவர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஒரு வருஷத்து டாலர் விலை, கோடாக ஓடிக்கொண்டிருந்தது. எண்பத்து மூன்று ரூபாய்ச் சில்லறையில் கிடந்தது. தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி தட்டையாக.

"எங்கயாச்சும் போயிருக்கா?"

"இல்ல சார்."

"நீ படிச்ச பொண்ணு," என்று சொல்லிச் சிரித்தார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அடுத்த பில்லுக்கு அவள் கவர் எடுக்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்கடுத்ததற்கும் எடுக்கவில்லை. மாதக் கடைசியில் சிவசங்கர் மாடி முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். அவளுக்கு மட்டும் இரண்டு துண்டு.

கவர் எடுக்காத ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும். "காரணம்" என்று ஒரு கட்டம், "ஒப்புதல் தந்தவர்" என்று ஒரு கட்டம், கீழே கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் பேச்சி "பேசியபடி" என்று எழுதினாள். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டாள். இதில் அவள் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் பாதி வேலை இந்த ஒரு சொல்லில்தான் நடக்கிறது. லாரி அனுப்பினால் பேசியபடி, ஆளை நிறுத்தினால் பேசியபடி, ஓ.டி. காசை வெட்டினால் பேசியபடி. யார் பேசினார்கள், யாரிடம் பேசினார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு. கேட்டவன் அடுத்த வருஷம் அங்கே இருக்கவும் மாட்டான்.

தினமும் ஒரு சீட்டு என்பது அலுப்பாக இருக்கவே, மாதத்தின் முதல் நாளே ஒரு கட்டு சீட்டை எடுத்து "பேசியபடி" என்று வரிசையாக எழுதி, கையெழுத்தையும் போட்டு வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். நகராத நம்பருக்குத் தினமும் என்ன புதிதாக எழுதுவது?

அந்த நகராமைதான் அவளை முதலில் உறுத்தியது. மேசையில் விலைத்திரை வைத்துக் கொடுத்திருந்தார்கள். வேலை குறைவான முற்பகல்களில் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஐப்பசியில் டாலர் எண்பத்து நாலுக்கு ஒரு படி ஏறி, அங்கே உட்கார்ந்துகொண்டது. எண்பத்து நாலு ரூபாய் ஏழு பைசா. மெதுவாக எட்டைத் தொடும். தொட்டதும் ஒரு சின்ன நிறுத்தம், மூச்சு விடுகிற நேரம். உடனே ஏழுக்கு இறங்கிவிடும். மறுபடி எட்டு, மறுபடி ஏழு. உலகத்தில் எங்கெங்கோ சண்டை நடந்தது, எங்கெங்கோ தேர்தல் நடந்தது, மற்ற நாட்டுக் காசெல்லாம் குரங்காட்டம் ஆடியது. இது மட்டும் எட்டைத் தொட்டு ஏழுக்கு வந்தது. நாலாம் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது பேச்சிக்குப் புரிந்தது. யாரோ தலையில் கைவைத்து அமுக்குகிறார்கள். அந்தக் கை யாருடையது என்று மட்டும் தெரியவில்லை.

நரசிம்மனிடம் கேட்டாள். "சார், எட்டைத் தொட்டா யாரு வந்து விக்காங்க?"

"பெரிய பேங்குங்க."

"அவங்க கிட்ட எப்படி சார் இவ்வளவு டாலர்?"

"அவங்களுக்காக விக்கலம்மா."

"பின்ன யாருக்காக?"

"டிபன் ஆச்சா?" என்றார் நரசிம்மன்.

அதன்பிறகு பேர் சொல்லாமல் பேசுவது இருவருக்கும் பழகிவிட்டது. "இன்னைக்கு வந்தாங்களா சார்?" "ஒன்பதுக்கே வந்துட்டாங்க." பேயைப் பற்றிக்கூட ஊரில் இவ்வளவு அடக்கமாகப் பேசமாட்டார்கள். டி.வி.யில், நாட்டின் காசைப் பார்த்துக்கொள்கிற கோட்டு போட்ட பெரியவர்கள் வேறு பாட்டு பாடினார்கள். ரூபாயின் விலையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது, நாங்கள் எந்த விலையையும் குறி வைப்பதில்லை, அளவுக்கு மீறி ஆடினால் மட்டும் லேசாகத் தலையிடுவோம் என்றார்கள். வெளிநாட்டு அமைப்பு ஒன்று, நீங்கள் சொல்வது சந்தையில் மிதக்கிற காசு, நாங்கள் பார்ப்பது பிடித்து நிறுத்திய காசு என்று ஏட்டில் வேறு பெயர் எழுதியது. இங்கே அதை ஒத்துக்கொள்ளவில்லை. இதையெல்லாம் பேச்சி கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே படித்தாள். படித்துவிட்டு மேலே வந்து பார்த்தால், ஏழு.

டீ கொண்டுவருகிற கனகம் ஒரு நாள் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். கனகம் வல்லத்துக்காரி. கம்பெனி நிற்கிற இடத்தில் மூன்று காணி முன்பு அவள் மாமனாருடைய வயல்.

"இன்னா பேச்சி, அதையே வெறிச்சுப் பாத்துகினு கீற?"

"நம்பரு நவுர மாட்டேங்குதுக்கா."

"நவுராத நம்பரப் பாக்கறதுக்கு ஒனக்கு சம்பளமா? குடுத்து வச்சவ." டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "இன்னிக்கு காது ஒரு மாரி கீதுல்ல?"

அப்போதுதான் பேச்சிக்கும் தெரிந்தது. காலையிலிருந்து தலைக்குள் ஏதோ காலியானது போல இருந்தது. கட்டடமே காதைப் பொத்திக்கொண்டது போல ஒரு அமைதி.

"கீழ ஸ்டோர்ல மோட்டாரு நிறுத்தி பேரிங் மாத்தறாங்க. ராப்பவலா ஓடிகினே கீறதால சத்தமே தெரியல ஒனக்கு. நின்னாத்தான் தெரியும்."

"எதுக்கு மோட்டாரு?"

"தண்ணிக்கு. இது ஏரி உள்வாய் பேச்சி, தண்ணி நிக்கற எடம். பேப்பர்ல மேட்டு நெலம்னு எழுதிக்கிறாங்க. தண்ணிக்கு இன்னா படிக்கவா தெரியும்? அது பாட்டுக்கு வந்துகினுதான் கீது. மோட்டாரு புடிச்சு வச்சிகினு கீது, அவ்ளோதான்."

"எவ்வளவு நாளைக்கு புடிக்கும்?"

"அத்த யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டுக் கனகம் அடுத்த மேசைக்குப் போனாள். பேச்சிக்கு அன்று டீ இறங்கவில்லை. தரைக்கு அடியில் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதாக ஒரு நினைப்பு. பதினொன்றரைக்கு மோட்டாரைப் போட்டார்கள். பிறகு அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மார்கழியில் ஒரு நாள் நரசிம்மனின் குரல் மாறியது. "இன்னிக்கு வரலம்மா," என்றார். எட்டைத் தாண்டிய டாலர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் சில பைசாவாக நகர்ந்து எண்பத்தைந்தைத் தாண்டியது. பேச்சி சிவசங்கரிடம் ஓடினாள். "பாக்கலாம்" என்றார். அவள் அப்போதாவது கவர் எடுத்திருக்கலாம், கொள்கை அவள் பக்கம் இருந்தது. எடுக்கவில்லை. ஒரு வருஷமாகக் காப்பாற்றியவர்கள் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வருவார்கள் என்று அவள் மனதார நம்பினாள். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

போகியன்று திங்கட்கிழமை. கம்பெனி பஸ் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டும்போது வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஊர் ஊராகப் பழைய பாயையும் டயரையும் கொளுத்தியதில், வெளிச்சம் வந்த பிறகும் புகை இறங்கி ரோட்டோடு ஒட்டிக்கிடந்தது. டிரைவர் பகலில் லைட்டைப் போட்டு ஊர்ந்து வந்தார். மாடியில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை. எதிர்க் கம்பெனியின் சுவர்கூட இல்லை.

"சார், எவ்வளவு?"

நரசிம்மன் பதில் சொல்ல நேரமாயிற்று. "திரையப் பாரும்மா."

பார்த்தாள். நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாகச் செத்ததுபோல் கிடந்த நம்பர் கடைசி இலக்கம் கண்ணுக்குப் பிடிபடாமல் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு யாராவது...?"

"யாருமே இல்லம்மா. விலை கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல. இருபது வருஷமா இந்த மேசையில இருக்கேன், இப்படி ஒரு காலியப் பாத்ததில்ல."

அன்று ஒரே நாளில் அறுபது பைசாவுக்கு மேல் போனது. எண்பத்தாறரை. பேச்சி திரையை அணைத்துவிட்டு இருட்டுக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தை முடிவதற்குள் எண்பத்தேழைத் தாண்டியது. நாற்பது லட்சம் டாலர் கட்ட வேண்டிய கம்பெனிக்கு நஷ்டம் ஒன்றேகால் கோடி.

இருங்காட்டுக்கோட்டையில் பேச்சியோடு ஒரே ரூமில் இருந்தவள் சந்திரலேகா, கோவில்பட்டிப் பெண். ரூமுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் கான்ட்ராக்ட். காருக்கான பம்பர் ஊற்றுகிற கம்பெனி. பிளாஸ்டிக் குருணை அவர்களுக்கும் கப்பலில்தான் வருகிறது. ஏற்கனவே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று ஓடிய கம்பெனி, டாலர் அடித்த அடியில் அறுபது கான்ட்ராக்ட் ஆட்களை ஒரே சாயங்காலம் நிறுத்திவிட்டது. அதில் லேகாவும் ஒருத்தி.

"எவனோ ஒரு கூறுகெட்டவன் கவர் எடுக்காம விட்டிருக்கான் ட்டீ," என்று பேச்சி கொதித்தாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது உண்மைதான்.

"எங்க சாரு பேங்க்ல கேட்டுட்டுத்தான் செஞ்சாராம்லா," என்றாள் லேகா. அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் தலைமை ஆபீசிலிருந்து விசாரணைக்கு ஐஸ்வர்யா வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், சிரிக்கவும் மாட்டாள், முறைக்கவும் மாட்டாள். மீட்டிங் அறையில் நீலக் கொள்கையை ஒரு பக்கமும் சீட்டுக் கட்டை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிவசங்கர் எதிரில். பேச்சி மேசையின் கோடியில்.

"இருநூத்திப் பதினொரு சீட்டு," என்றாள் ஐஸ்வர்யா. "எல்லாத்துலயும் பேசியபடின்னு இருக்கு. யார்கிட்ட பேசினீங்க?"

"சார்கிட்ட," என்றாள் பேச்சி.

சிவசங்கர் அவளைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் பேச்சி தாங்கியிருப்பாள். பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தெம்பு வந்திருக்கும். அவர் முகத்தில் இருந்தது நிஜமான திகைப்பு. "நான் கவர் எடுக்காதேன்னு சொன்னேனா பேச்சி? என்னைக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். யோசித்துப் பார்த்துச் சொல்லும்மா என்கிற தொனி.

அவள் ஏற்கனவே யோசித்துவிட்டாள். சனி ஞாயிறு இரண்டு நாளும் தன் மெயில் எல்லாவற்றையும் தோண்டிவிட்டாள். வேண்டாம் என்று ஒரு வரி இல்லை. வாட்ஸப்பில் இல்லை. ஒரு வருஷம் இரவு பகலாக அவள் கீழ்ப்படிந்த உத்தரவு எங்கேயும் இல்லை. ஆனால் உத்தரவு இருந்தது, மாடியில் எல்லோருக்கும் அது தெரியும். யாரைக் கேட்டாலும் எங்கள் கம்பெனியில் கவர் எடுப்பதில்லை என்பார்கள். யார் சொன்னது என்றால் மட்டும் பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள்.

இதை அவளால் நிரூபிக்க முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. விதி மீறி நஷ்டம் உண்டாக்கியவள் என்று காகிதத்தில் எழுதி அனுப்பிவிடுவார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவளை உட்காரச் சொல்லக்கூட ஓர் ஆள் இருக்காது. சித்திரையில் நிரந்தரம் ஆவதாக அம்மாவிடம் வேறு சொல்லி வைத்திருந்தாள். ஒருவர், ஒரே ஒருவர், "நான்தான் சொன்னேன்" என்று சொல்ல வேண்டும்.

அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. "ஆவணில ஒருநா சார் எங்கிட்ட இருந்து போனை வாங்கி நரசிம்மன் சார்ட்ட அவரே வேண்டாம்னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"பேங்க் டாலர் மேசையில எல்லாப் போனும் ரெக்கார்ட் ஆகும்," என்றாள் ஐஸ்வர்யா. "அவங்க விதி அது. கேட்டு வாங்கலாம். கேக்கட்டுமா?"

"கேளுங்க மேடம்," என்றாள் பேச்சி. "தாராளமா," என்றார் சிவசங்கர்.

மூன்றாம் நாள் ரெக்கார்டு வந்தது. அதே அறை, அதே நாற்காலி, நடுமத்தியானம். ஐஸ்வர்யா தேதியைத் தேடி எடுத்து லேப்டாப்பில் ஓடவிட்டாள்.

"நரசிம்மன் சார்! எப்படி இருக்கீங்க?" என்றது சிவசங்கரின் குரல். "பொண்ணுக்கு விசா வந்துச்சா? ரொம்ப சந்தோஷம். இருங்க, பேச்சிகிட்டயே குடுக்கறேன்."

பேச்சிக்கு அவர் உதடு "வேண்டாம்" என்று அசைந்தது நன்றாக ஞாபகம் இருந்தது. ரெக்கார்டில் அது இல்லை. கை மாறுகிற சரசரப்பு கேட்டது. நரசிம்மன், "கவர் எடுக்கறீங்களா?" என்றார்.

"வேண்டாம் சார். ஒண்ணும் ஆகாது. புடிச்சுக்குவாங்க."

பேச்சி நிமிர்ந்தாள். அது யார்? தாழ்ந்த, நிதானமான, கொஞ்சமும் அவசரமில்லாத குரல். எல்லாம் தெரிந்த ஒரு பெரிய மனுஷி பேசுகிற மாதிரி. தினமும் வேண்டாம் என்று பதில் சொல்லப்பட்டது அவளுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னது தான்தான் என்பது இந்த நிமிஷம் வரை அவள் நினைவில் இல்லை. ஐஸ்வர்யா அடுத்த நாளைப் போட்டாள். "வேண்டாம் சார். புடிச்சுக்குவாங்க." அதற்கடுத்த நாள். "வேண்டாம் சார். புடிச்சுக்குவாங்க." அதே இழுப்பு, அதே இடத்தில் அதே மூச்சு. வருஷம் முழுக்க ஒரே ரெக்கார்டைத் திருப்பித் திருப்பிப் போட்டது போல. தன் நாற்காலியில் தன் போனை எடுத்துக்கொண்டு வேறு யாரோ உட்கார்ந்திருந்தது போலப் பயமாக இருந்தது அவளுக்கு.

"இந்த வெள்ளிக்கிழமை நீங்க லீவு," என்றாள் ஐஸ்வர்யா, தேதியைப் பார்த்து. "ஆடி மாசம்."

"தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன் மேடம். அன்னைக்கு நான் போன் பண்ணல."

ஐஸ்வர்யா ஓடவிட்டாள். முதலில் நாதஸ்வரம் கேட்டது. கூட்டம், ஒலிபெருக்கி, பக்கத்தில் அவள் அம்மாவின் குரல்: "ஏ பேச்சி, சப்பரம் வந்துட்டு, வா." அந்த இரைச்சலுக்கு நடுவே கொஞ்சமும் கலையாமல்: "வேண்டாம் சார். புடிச்சுக்குவாங்க."

"லீவு நாள்ல போன் பண்ணச் சொன்னது யாரு?"

"யாரும்..." என்றாள் பேச்சி. "யாரும் சொல்லல மேடம்."

சிவசங்கர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஐஸ்வர்யா நிறுத்தப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு. நீங்க வச்ச பிறகும் அவர் ரிசீவரை வைக்கல."

நரசிம்மன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், பக்கத்து மேசை ஆளிடம் போல. "வல்லத்துல பேச்சி மேடம் இன்னிக்கும் எடுக்கலப்பா. லீவுல இருந்து, கோயில்ல நின்னுகிட்டு கூப்பிட்டு வேணாம்ங்கறாங்க. அவங்களுக்கு எங்கிருந்தோ தகவல் வருது, இல்லன்னா இவ்ளோ தைரியம் வராது. அந்த இருங்காட்டுக்கோட்டை பம்பர்க்காரர் லைன்ல இருக்காரில்ல? அவருக்கும் வேணாம்னு சொல்லிடு. ஒரகடத்துல அந்த மூணு பேர் கேட்டாலும் அதையே சொல்லு."

ரிசீவர் வைக்கிற சத்தம் கேட்டது. ஐஸ்வர்யா முந்தின நாளின் கடைசியைப் போட்டாள். அதிலும் இருந்தது. அடுத்த நாளிலும் இருந்தது, வேறு கம்பெனிகளின் பெயர்களோடு. நாலைந்து நாளுக்குப் பிறகு அவளே லேப்டாப்பை மூடிவிட்டாள். சீட்டுக் கட்டின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து பேச்சியின் பக்கம் தள்ளினாள். நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்றாள்.

பேச்சி எழுதிக் கொடுத்துவிட்டு நாலரை மணி பஸ்ஸில் வந்தாள். ரூமில் லேகா பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏழரைக்குக் கோவில்பட்டி பஸ். தட்டு, டம்ளர், கம்பெனி கொடுத்த நீலச் சட்டை எல்லாம் கட்டிலில் கிடந்தன. சட்டையை எடுப்பதா விடுவதா என்று லேகா கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெக்கார்டு வந்துட்டா? யாரு சொன்னதுன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஒங்க சாரா?"

"நாந்தான்," என்றாள் பேச்சி. சொல்லாமல் விட்டுவிடலாம், இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் லேகா போய்விடுவாள். ஆனாலும் சொன்னாள். "எங்க கம்பெனிக்கு மட்டுமில்ல ட்டீ. ஒங்க கம்பெனிக்கும் நாந்தான் வேண்டாம்னு சொல்லியிருக்கேன். ஒனக்கு வேல போனதே என்னாலதான்."

லேகா சட்டையைக் கீழே போட்டுவிட்டு அவளையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். வேலை போன இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு.

"ஏட்டி, ஒனக்கென்ன கூறு கெட்டுப் போச்சா? நீ ஒரு கிளார்க்கு. நீ சொன்னா எவன் கேப்பான்?"

பேச்சி கட்டிலில் உட்கார்ந்தாள். கேட்டவர்களின் பெயர்கள் வரிசையாக அவள் நாக்கு நுனிக்கு வந்தன. இன்று மத்தியானம் ரெக்கார்டில் கேட்டவை மட்டும் ஏழு கம்பெனி. மீதி எத்தனை என்று அவளுக்குத் தெரியாது.